அறுபதுக்கு மேல் உடம்பில் வலு குறையாமலிருக்க: ஜிம் இல்லாமல் வீட்டிலும் கடற்கரையிலும் தொடங்கும் வழி

காலை ஆறு மணிக்கு முன்பே புதுச்சேரி கடற்கரைச் சாலையிலும் கடலூர் தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சிலும் அறுபதைத் தாண்டியவர்கள் நிறையப் பேர் நடப்பதைப் பார்க்கலாம். மருத்துவர் சொன்னதற்காக நடப்பவர்கள், சர்க்கரைக்காக நடப்பவர்கள், பேச்சுத்துணைக்காக நடப்பவர்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் நடந்து முடித்து பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் எழுந்திருப்பதைக் கவனியுங்கள். பலர் இரண்டு கைகளையும் ஊன்றி, தம் பிடித்து, பக்கத்தில் இருப்பவரின் தோளைப் பற்றி எழுகிறார்கள். நான்கு கிலோமீட்டர் நடக்கிற கால்களுக்குத் தாமாக எழுந்து நிற்க வலு இல்லை.

இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது அந்தக் காட்சிதான். கழிவறையிலிருந்து எழ முடிகிறதா, பஸ் படியில் ஏற முடிகிறதா, இருட்டில் கால் தடுக்கினால் விழாமல் சமாளிக்க முடிகிறதா: வயதான காலத்தில் ஒருவர் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்வாரா என்பதை இவையே தீர்மானிக்கின்றன. இவற்றுக்குத் தொடையில் வலு வேண்டும், உடம்பில் சமநிலை வேண்டும். சமதரையில் நடப்பது இரண்டையும் கொஞ்சம்தான் வளர்க்கும். மீதியைத் தனியாகப் பழக வேண்டும். அதற்கு ஒரு மர நாற்காலியும் ஒரு சுவரும் போதும்.

ஐம்பது வயதுக்குப் பிறகு தசை ஆண்டுக்குச் சுமார் 1 சதவீதம் கரைகிறது. தசையின் வலு அதைவிட வேகமாகக் குறைகிறது. காய்ச்சலில் பத்து நாள் படுத்துவிட்டால் இன்னும் வேகம். ஆனால் இழந்ததை எந்த வயதிலும் பெருமளவு திரும்பப் பெறலாம். 1990இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், முதியோர் இல்லத்தில் இருந்த சுமார் 90 வயதுக்காரர்களுக்கு எட்டு வாரம் தொடைத் தசைக்கான எடைப்பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். அவர்களுடைய கால் வலு சராசரியாக ஒன்றரை மடங்குக்கு மேல் கூடியது. ‘இந்த வயதில் இனி என்ன’ என்று யாராவது சொன்னால் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

உலக சுகாதார அமைப்பு 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல், 65 வயதைக் கடந்தவர்களுக்கு மூன்று வகை உழைப்பைச் சொல்கிறது. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமாக மூச்சு வாங்கும் உழைப்பு. வாரத்தில் இரண்டு நாளாவது தசையை வலுப்படுத்தும் பயிற்சி. மூன்று நாளாவது சமநிலைப் பயிற்சி. நம் ஊரில் முதலாவது மட்டும்தான் பேசப்படுகிறது. அதனால் மற்ற இரண்டையும் இங்கே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

தொடங்குவதற்கு முன்

மாரடைப்பு வந்தவர்கள், ஸ்டென்ட் வைத்தவர்கள், பக்கவாதம் வந்தவர்கள், நடந்தால் மார்பில் அழுத்தம் தெரிபவர்கள், அடிக்கடி தலை சுற்றுபவர்கள், கடந்த ஓராண்டில் காரணமே தெரியாமல் விழுந்தவர்கள் எல்லோரும் மருத்துவரைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். ரத்த அழுத்தம் 180/110க்கு மேல் இருந்தால் அது இறங்கும் வரை காத்திருங்கள். கண்புரை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், எப்போது குனியலாம், எடை தூக்கலாம் என்று கண் மருத்துவரைக் கேட்டு அதன்படி நடக்க வேண்டும். மற்றவர்கள் மெதுவாகத் தொடங்குவதற்குத் தடை இல்லை.

கடலூர் மாவட்டத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. 2021இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள். நடமாட முடியாதவர்களுக்கு இயன்முறை சிகிச்சையும் (பிசியோதெரபி) அதில் உண்டு. உங்கள் பகுதி சுகாதாரத் தன்னார்வலரிடம் கேளுங்கள். புதுச்சேரிக்காரர்கள் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதித்துக்கொள்ளலாம்.

சர்க்கரைக்கு இன்சுலின் போடுபவர்களும் சிலவகை மாத்திரை சாப்பிடுபவர்களும் வெறும் வயிற்றில் நீண்ட நேரம் நடந்தால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். கிளம்பும்போது இரண்டு பிஸ்கட்டாவது சாப்பிடுங்கள். சட்டைப்பையில் அல்லது முந்தானை முடிச்சில் கொஞ்சம் சர்க்கரையோ குளுக்கோஸ் பொடியோ இருக்கட்டும். கை நடுங்கி, வியர்த்து, கண் இருட்டினால் உடனே வாயில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட வேண்டும்.

செருப்பு முக்கியம். தேய்ந்துபோன ஹவாய் செருப்பில் நடந்து விழுந்தவர்கள் ஏராளம். குதிகாலைப் பிடித்துக்கொள்ளும் பின்வார் உள்ள செருப்போ, லேசான ஷூவோ வாங்குங்கள். பாதத்தில் மரமரப்பு உள்ள சர்க்கரைக்காரர்களுக்கு எம்.சி.ஆர். (மெத்தென்ற நுண்துளை ரப்பர்) செருப்பு நல்லது. அவர்கள் தினமும் இரவில் பாதத்தைத் திருப்பிப் பார்த்துக் கொப்புளமோ கீறலோ இருக்கிறதா என்று தேட வேண்டும். வலி தெரியாத காலில் புண் சத்தமில்லாமல் வளர்ந்துவிடும்.

முதலில் உங்கள் கால்களை அளந்து பாருங்கள்

கை வைக்காத, உறுதியான நாற்காலி ஒன்றைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். டைல்ஸ் தரையில் பிளாஸ்டிக் நாற்காலி வழுக்கும். அது வேண்டவே வேண்டாம். நடுவில் உட்கார்ந்து, கைகளை மார்பின் குறுக்கே தோள்களில் வையுங்கள். வீட்டில் ஒருவர் கடிகாரம் பார்க்கட்டும். 30 வினாடியில் எத்தனை முறை முழுவதுமாக எழுந்து நின்று உட்கார முடிகிறது?

உலகம் முழுவதும் மருத்துவர்கள் பயன்படுத்தும் சோதனை இது. 60 முதல் 64 வயதுவரை ஆண்கள் 14, பெண்கள் 12 முறைக்குக் குறைந்தால் கால் வலு குறைவு என்று பொருள். 65 முதல் 69 வரை ஆண்களுக்கு 12, பெண்களுக்கு 11. 70 முதல் 74 வரை 12, 10. 75 முதல் 79 வரை 11, 10. எண்பதைத் தாண்டியவர்களுக்கு 84 வயதுவரை 10, 9. கையை ஊன்றாமல் ஒருமுறைகூட எழ முடியாவிட்டால் பூஜ்யம் என்று எழுதிக்கொள்ளுங்கள். பூஜ்யத்திலிருந்து தொடங்குபவர்களுக்குத்தான் இந்தப் பயிற்சியால் அதிக லாபம்.

அடுத்து, சமையல் மேடைக்கு அருகில் நின்று, ஒரு பாதத்தின் குதிகால் மற்றதன் விரல் நுனியைத் தொடும்படி ஒரே கோட்டில் வையுங்கள். மேடையிலிருந்து கையை எடுத்து 10 வினாடி நிற்க முடிகிறதா? முடியாவிட்டால் விழும் வாய்ப்பு அதிகம். இரண்டு முடிவுகளையும் தேதியோடு நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

நாற்காலிப் பயிற்சி

ஒரே ஒரு பயிற்சிக்குத்தான் நேரம் இருக்கிறது என்று சொல்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். பிள்ளையார் முன்னால் போடும் தோப்புக்கரணத்தின் பாதி வடிவம் இது. மணக்குள விநாயகர் கோயிலுக்குப் போய்த் தோப்புக்கரணம் போட்டு வளர்ந்த உடம்புகள் நம்முடையவை. அந்த அசைவை முட்டி இன்னும் மறந்திருக்காது.

நாற்காலியின் முன்பகுதிக்கு நகர்ந்து உட்காருங்கள். பாதங்கள் தோள் அகலத்தில், முட்டிக்குச் சற்றுப் பின்னால் இருக்க வேண்டும். மூக்கு கால் விரல்களுக்கு மேலே வரும் அளவுக்கு உடம்பை முன்னால் சாயுங்கள். பலர் முதுகை நிமிர்த்திக்கொண்டே எழப் பார்க்கிறார்கள். அதனால்தான் பின்னால் தள்ளுகிறது. குதிகாலில் அழுத்தி எழுந்து முழுவதும் நிமிர்ந்து நில்லுங்கள். எழும்போது மூச்சை வெளியே விடுங்கள். அடக்கினால் ரத்த அழுத்தம் ஏறும். உட்காரும்போது மனதுக்குள் நான்கு எண்ணிக்கொண்டே மெதுவாக இறங்குங்கள். தொப்பென்று விழுவதில் பயனில்லை. இறங்குகிற அந்த நான்கு எண்ணிக்கையில்தான் தொடை பலம் பெறுகிறது.

முதல் வாரம் ஐந்து முறை, சற்று ஓய்வு, மீண்டும் ஐந்து முறை. ஒன்றுவிட்டு ஒரு நாள். எழவே முடியவில்லை என்றால் ஜமுக்காளத்தை மடித்துப் போட்டு இருக்கையை உயர்த்துங்கள், அல்லது கையை ஊன்றி எழுந்து, இறங்கும்போது மட்டும் கையை எடுத்துவிடுங்கள். பத்துப் பத்தாக மூன்று தடவை சுலபமாகச் செய்ய முடிந்தால், அதற்குமேல் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போகாதீர்கள். கடினத்தைக் கூட்டுங்கள். இரண்டு கையிலும் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொள்ளலாம். இன்னும் கொஞ்சம் தாழ்ந்த இருக்கைக்கு மாறலாம். கடைசி இரண்டு முறை கஷ்டமாக இருந்தால்தான் தசை வளரும்.

“எனக்கு முட்டி தேய்ந்துவிட்டது, நான் எப்படிச் செய்வது?” என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி. மூட்டுத் தேய்மானத்துக்கு மருத்துவர்கள் பரிந்துரைக்கும் சிகிச்சைகளில் முதன்மையானது தொடைத் தசையை வலுப்படுத்துவதுதான். முட்டியின் சுமையை அந்தத் தசை பகிர்ந்துகொள்கிறது. செய்யும்போது லேசான வலி இருந்தால் பரவாயில்லை. மறுநாள் காலையிலும் வலி கூடுதலாக இருந்தாலோ வீங்கினாலோ அடுத்த முறை பாதியாகக் குறையுங்கள். வலிக்குப் பயந்து மூட்டை அசைக்காமலே வைத்திருந்தால், தசை மெலிந்து, சுமை முழுவதும் மூட்டில் இறங்கி, வலி இன்னும் கூடும்.

சுவரும் சமையல் மேடையும்

சுவரிலிருந்து ஒரு கை நீளம் தள்ளி நின்று, உள்ளங்கைகளைத் தோள் உயரத்தில் பதித்து, முழங்கையை மடக்கி மார்பைச் சுவருக்குக் கொண்டுபோய்த் திரும்பத் தள்ளுங்கள். பத்து முறை. கீழே விழப்போனால் கையை ஊன்றித் தாங்குவதற்கும், படுக்கையிலிருந்து எழுவதற்கும் இந்தக் கை வலு வேண்டும்.

குக்கர் விசில் வருவதற்குள் முடித்துவிடக்கூடியது அடுத்தது. சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு இரண்டு குதிகாலையும் தூக்கி விரல் நுனியில் நின்று மெதுவாக இறங்குங்கள். பிறகு முதுகைச் சுவரில் சாய்த்து, குதிகால் தரையில் இருக்கப் பாதத்தின் முன்பகுதியை மட்டும் மேலே தூக்குங்கள். இரண்டாவது அசைவு மிகச் சிறியதாகத் தெரியும். ஆனால் வயதானவர்கள் வாசற்படியிலும் மிதியடி ஓரத்திலும் தடுக்கி விழுவதற்கு ஒரு காரணம், நடக்கும்போது பாதத்தின் முன்பகுதி போதிய அளவு உயராததுதான்.

தூக்குவதற்கு டம்பெல் வேண்டாம். இரண்டு மஞ்சப்பையில் இரண்டிரண்டு கிலோ அரிசியைப் போட்டு, கைக்கு ஒன்றாகப் பிடித்து, தோள் நிமிர்ந்து கூடத்தில் இங்கிருந்து அங்கே நடந்து வாருங்கள். பழகியபின் மூன்று கிலோ, நான்கு கிலோ என்று ஏற்றலாம்.

விழாமல் நிற்கப் பழகுவது

சமநிலைப் பயிற்சியைத் தினமும் ஐந்து நிமிடம் செய்யலாம். எப்போதும் சமையல் மேடைக்கு அருகிலோ, இரண்டு சுவர் சேரும் மூலையில் முதுகு இருக்கும்படியோ நில்லுங்கள். முதல் சில நாள் வீட்டில் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும்.

பாதங்களைச் சேர்த்து வைத்து 10 வினாடி நிற்பதில் தொடங்குங்கள். அது எளிதானால் ஒரு பாதத்தைப் பாதியளவு முன்னால் நகர்த்துங்கள். பிறகு முன்சொன்னபடி ஒரே கோட்டில். பிறகு ஒற்றைக் காலில். ஒவ்வொரு நிலையிலும் 30 வினாடி நிற்க முடிந்த பிறகே அடுத்ததற்குப் போக வேண்டும். ஒற்றைக் காலில் நிற்பது பழகிவிட்டால், நின்றபடியே தலையை மெல்ல வலமும் இடமும் திருப்பிப் பாருங்கள். சட்டென்று கடினமாகிவிடும். சாலையைக் கடக்கும்போது நாம் செய்வது அதுதான்: ஒரு கால் தரையில், தலை பஸ் வருகிறதா என்று திரும்புகிறது.

கூடத்துத் தரையில் டைல்ஸ் கோடு நேராக இருந்தால், அதன்மேல் குதிகாலும் விரலும் தொட்டுத் தொட்டு நடந்து போய்த் திரும்பலாம்.

இதோடு வீட்டையும் கொஞ்சம் திருத்த வேண்டும். குளியலறையிலும் கழிவறையிலும் கைப்பிடிக் கம்பி, வழுக்காத தரை, படுக்கையிலிருந்து கழிவறை வரை இரவு விளக்கு, சுருண்டுகொள்ளும் மிதியடிகளை அகற்றுவது ஆகியவற்றுக்குச் செலவு குறைவு. இடுப்பெலும்பு முறிந்தால் ஆகும் செலவையும் வேதனையையும் பார்த்த எந்தக் குடும்பமும் இதில் கஞ்சத்தனம் செய்யாது. இரவில் எழும்போது படுக்கை ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு நில்லுங்கள். ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்களுக்குச் சட்டென்று எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும்.

தரையில் உட்கார்ந்து எழுவது

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நாம் தரையில் வாழ்ந்த மக்கள். சம்மணமிட்டுச் சாப்பிட்டோம், பாய் விரித்துப் படுத்தோம், குந்தி உட்கார்ந்து கோலம் போட்டோம். ஒவ்வொரு முறை எழும்போதும் இடுப்பு, தொடை, முட்டி எல்லாம் வேலை செய்தன. சாப்பாட்டு மேசையும் கட்டிலும் சோபாவும் வந்தபின் வாரக்கணக்கில் தரையைத் தொடாமலே நாட்கள் போகின்றன. அந்தத் திறமை கண்ணுக்குத் தெரியாமல் கைவிட்டுப் போகிறது. பிறகு ஒருநாள் விழுந்தால், எலும்பு முறியாவிட்டாலும் எழத் தெரியாமல் யாராவது வரும் வரை மணிக்கணக்கில் தரையில் கிடக்க நேரிடுகிறது. பிள்ளைகள் வெளியூரில் இருக்க, தனியாக வாழும் பெரியவர்களுக்கு இது பெரிய ஆபத்து.

ஆகவே, எழுவதை விழுவதற்கு முன்பே பழகுங்கள். ஜமுக்காளம் விரித்து, பக்கத்தில் உறுதியான நாற்காலியைச் சுவரோடு ஒட்டி வையுங்கள். முதல் முறை உதவிக்கு ஆள் இருக்கட்டும். நாற்காலியைப் பிடித்து ஒரு முட்டியை ஊன்றி, பிறகு மறு முட்டியை ஊன்றி, மெதுவாகத் தரையில் உட்கார்ந்து மல்லாந்து படுங்கள். இப்போது எழ வேண்டும். ஒருக்களித்துப் படுங்கள். மேல் கையைத் தரையில் ஊன்றி, கீழ் முழங்கையால் தள்ளி உட்காருங்கள். அங்கிருந்து இரண்டு கை, இரண்டு முட்டி ஊன்றித் தவழும் நிலைக்கு வாருங்கள். நாற்காலி வரை தவழ்ந்து போய், இரண்டு கைகளையும் இருக்கையில் வையுங்கள். வலுவான காலின் பாதத்தை முன்னால் கொண்டுவந்து ஊன்றுங்கள். கையாலும் அந்தக் காலாலும் அழுத்தி எழுந்து, திரும்பி நாற்காலியில் உட்காருங்கள். உடனே நடக்க வேண்டாம். ஒரு நிமிடம் போகட்டும்.

வாரத்தில் இரண்டு நாள், நாளுக்கு இரண்டு முறை போதும். முட்டி மாற்று அறுவை சிகிச்சை செய்தவர்கள் முட்டி ஊன்றலாமா என்று அறுவை செய்த மருத்துவரிடம் கேட்டுவிட்டுப் பழகுங்கள். இன்னும் சம்மணமிட்டு உட்கார முடிகிறவர்கள் தயவுசெய்து அதை விட்டுவிடாதீர்கள். ஒரு வேளையாவது தரையில் சாப்பிடுங்கள்.

நடை

இனி நடைக்கு வருவோம். பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக்கூடாது: அதுதான் மிதமான வேகம். ஆரம்பத்தில் பத்து நிமிடம், வாரத்துக்கு வாரம் ஐந்து நிமிடம் கூட்டி, வாரத்தில் ஐந்து நாள் அரை மணி நேரம் என்ற இடத்துக்கு வாருங்கள். ஒரே மூச்சாக நடக்க வேண்டும் என்பதில்லை. மூன்று பத்து நிமிடங்களும் அரை மணிதான். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் பத்துப் பதினைந்து நிமிடம் மொட்டை மாடியிலோ தெருவிலோ நடந்தால் சாப்பாட்டுக்குப் பின் சர்க்கரை ஏறுவது குறைகிறது. சர்க்கரைக்காரர்களுக்கு நான் அழுத்தமாகச் சொல்வது இதைத்தான்.

பத்தாயிரம் அடி என்ற எண் பலரைப் பயமுறுத்துகிறது. 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடியளவுக் கருவியின் பெயரிலிருந்து பரவிய எண் அது. சராசரி வயது 72 உள்ள பெண்களை வைத்து அமெரிக்காவில் செய்து 2019இல் வெளியிட்ட ஆய்வில், நாளுக்குச் சுமார் 4,400 அடி நடந்தவர்களுக்கே இறப்பு அபாயம் கணிசமாகக் குறைந்திருந்தது. சுமார் 7,500 அடிக்கு மேல் கூடுதல் பலன் தெரியவில்லை.

எங்கே நடப்பது? புதுச்சேரியில் கடற்கரைச் சாலைக்கு ஈடு இல்லை. மாலை 6 மணியிலிருந்து மறுநாள் காலை 7.30 வரை வாகனங்களுக்கு அனுமதி இல்லை என்பதால் பின்னால் ஹாரன் சத்தம் கேட்டுப் பதற வேண்டியதில்லை. சமதரை, வழியெல்லாம் உட்கார இடம். காந்தி சிலையிலிருந்து துய்ப்ளே சிலை வரை போய்த் திரும்புவது புதிதாகத் தொடங்குபவருக்கு நல்ல அளவு. சனி, ஞாயிறு மாலைகளில் சுற்றுலாக் கூட்டம் நெரியும்; அப்போது பாரதி பூங்காவுக்கோ தாவரவியல் பூங்காவுக்கோ போய்விடுங்கள். மர நிழலும் கிடைக்கும்.

கடலூரில் மஞ்சக்குப்பம் அண்ணா விளையாட்டரங்கமும் சில்வர் பீச்சும் இருக்கின்றன. மணலில் நடப்பதைப் பற்றி ஓர் எச்சரிக்கை. கால் புதையும் உலர்ந்த மணலில் நடக்கக் கெட்டித்தரையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு சக்தி செலவாகிறது. கணுக்காலுக்கும் கெண்டைக்காலுக்கும் அருமையான பயிற்சி, ஆனால் தொடக்கத்திலேயே வேண்டாம். முதல் மாதம் கெட்டித்தரை. அதன்பின் அலை வந்து இறுகிய ஈர மணலில் ஐந்து நிமிடம். கால் மரத்துப்போகும் சர்க்கரைக்காரர்கள் மணலில் வெறுங்காலோடு நடக்கக் கூடாது. சிப்பியும் கண்ணாடித் துண்டும் குத்தியது தெரியாது.

திருப்பாதிரிப்புலியூர் பாடலீஸ்வரர் கோயில் பிரகாரமும் நல்ல நடைபாதைதான், கல் சூடேறுவதற்கு முன் போனால். கொஞ்சம் வலு வந்தவர்கள் திருவந்திபுரம் ஔஷதகிரியில் ஏறலாம். ஹயக்ரீவர் சந்நிதிக்கு எழுபதுக்கு மேற்பட்ட படிகள். ஏறுவது மூச்சுக்கும் தொடைக்கும் பயிற்சி. இறங்கும்போதுதான் முட்டிக்கு வேலை அதிகம், கைப்பிடியை விடாமல் இறங்குங்கள். மலைக்குப் போக முடியாதவர்களுக்கு வீட்டு மாடிப்படி இருக்கிறது. ஒரு மாடி ஏறி இறங்கி ஓய்வு, மீண்டும் ஒரு மாடி.

தெருநாய்களுக்காக ஒரு கைத்தடி எடுத்துச் செல்லுங்கள். இருட்டு விலகிய பிறகே கிளம்புங்கள், சாலையில் எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடி நடங்கள்.

வீட்டு வேலை

லண்டன் பஸ்களில் ஓட்டுநர்களையும் நடத்துநர்களையும் ஒப்பிட்டு ஜெரமி மோரிஸ் என்ற மருத்துவர் 1953இல் வெளியிட்ட ஆய்வு புகழ்பெற்றது. நாள் முழுவதும் உட்கார்ந்திருந்த ஓட்டுநர்களைவிட, இரண்டடுக்கு பஸ்ஸில் படி ஏறி இறங்கி டிக்கெட் கொடுத்த நடத்துநர்களுக்கு இதய நோய் குறைவாக இருந்தது. அவர்களில் யாரும் உடற்பயிற்சி என்று நினைத்துச் செய்யவில்லை.

இதை முக்கியமாகப் பிள்ளைகளுக்கும் மருமக்களுக்கும் சொல்கிறேன். “நீங்கள் உட்காருங்கள் அம்மா, நான் எடுத்து வருகிறேன்” என்பது பாசம்தான். ஆனால் தண்ணீர் எடுப்பது, துணி உலர்த்துவது, பூச்செடிக்கு நீர் ஊற்றுவது, கடைக்குப் போய்க் கீரை வாங்கி வருவது என்று ஒவ்வொன்றையும் அவர்களிடமிருந்து வாங்கிவிட்டால், மிஞ்சுவது சாய்வு நாற்காலியும் தொலைக்காட்சியும்தான். ஆபத்தான வேலையை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்: முக்காலி மேல் ஏறி ஒட்டடை அடிப்பது, ஈரமான குளியலறையைக் கழுவுவது. மற்றதை விட்டுவிடுங்கள். மெதுவாகச் செய்தாலும் அவர்களே செய்யட்டும். சீரியல் பார்ப்பவர்கள் ஒவ்வொரு விளம்பர இடைவேளைக்கும் எழுந்து நின்றாலே நாளுக்கு எத்தனையோ முறை தொடை வேலை செய்துவிடும்.

வெயிலும் மழையும்

நம் கரையோரத்தில் கத்திரி வெயிலைவிடப் புழுக்கம் மோசம். வியர்வை உலராததால் உடம்பு குளிராது. மே மாதத்தில் காலை ஏழரைக்குள் வீடு திரும்பிவிடுங்கள். நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுபவர்கள் வெயில் காலத்தில் அளவு மாற்ற வேண்டுமா என்று மருத்துவரைக் கேளுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் நிலைமை நேர்மாறு. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது எத்தனையோ தெருக்களில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது. அப்படிப்பட்ட வாரங்களில் நடை நின்றால் நிற்கட்டும். நாற்காலி, சுவர், மேடைப் பயிற்சிகளை மட்டும் விடாதீர்கள். கூடத்திலேயே எட்டு வடிவில் நடக்கலாம். தேங்கிய தண்ணீரில் கால் வைத்து நடைப்பயிற்சிக்குப் போக வேண்டாம்.

சாப்பாடு

தசைக்குப் புரதம் வேண்டும். முதியவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை தினமும் தேவை. 60 கிலோ எடை உள்ளவருக்கு 60 முதல் 72 கிராம். காலையில் இரண்டு இட்லி, மதியம் ரசம் சோறு, இரவு கஞ்சி என்று சாப்பிடும் பெரியவருக்கு இதில் பாதி கிடைப்பதே அரிது. ஒரு முட்டையில் 6 கிராம், 100 கிராம் மீனில் சுமார் 20 கிராம். கடலூர் துறைமுகத்துக்குப் பக்கத்தில் வாழ்பவர்களுக்கு மத்தியும் நெத்திலியும் சொல்லித் தர வேண்டியதில்லை. சைவம் சாப்பிடுபவர்கள் சுண்டல், பருப்பு, தயிர், பனீர் ஆகியவற்றை மூன்று வேளைக்கும் பிரித்துச் சேருங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவர் சொன்ன அளவைத் தாண்டக் கூடாது.

நிறுத்த வேண்டிய நேரம்

மார்பில் அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, ஓய்வெடுத்தும் அடங்காத மூச்சுத்திணறல், மயக்கம், முகம் கோணுவது, பேச்சுக் குழறுவது: இவற்றில் எது வந்தாலும் 108ஐ அழையுங்கள். வாயுவாக இருக்கும் என்று சோடா குடித்துக் காத்திருக்காதீர்கள். தனியாக நடப்பவர்கள் பையில் பெயர், வீட்டுத் தொலைபேசி எண், சாப்பிடும் மாத்திரைகள் எழுதிய சீட்டு ஒன்றை வைத்திருங்கள். இரண்டு மூன்று பேர் சேர்ந்து நடந்தால் இன்னும் நல்லது. ஒருவர் வரவில்லை என்றால் ஏன் என்று கேட்க ஆள் இருக்கும்.

ஆறு வாரம் கழித்து

நாட்காட்டியை எடுத்து, முதல் நாள் செய்த அதே நாற்காலியில் அதே 30 வினாடிச் சோதனையைச் செய்யுங்கள். ஒழுங்காகச் செய்தவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டு மூன்று எண்ணிக்கையாவது கூடியிருக்கும். கூடியிருந்தால் எடையையோ இருக்கையின் தாழ்வையோ ஒரு படி ஏற்றி, அடுத்த ஆறு வாரத்தைத் தொடங்குங்கள். கூடவில்லை என்றால் மூன்றைச் சரிபாருங்கள்: கடைசி இரண்டு முறை உண்மையிலேயே கடினமாக இருந்ததா, வாரத்துக்கு மூன்று நாள் விடாமல் நடந்ததா, தட்டில் புரதம் இருந்ததா. மூன்றும் சரியாக இருந்தும் எண்ணிக்கை குறைந்திருந்தால் கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனையிலோ ஜிப்மரிலோ காட்டி, இயன்முறை மருத்துவரிடம் நாட்காட்டியில் குறித்த எண்களைக் கொடுங்கள். எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று அவருக்கு அதைப் பார்த்தாலே தெரியும்.